வடை கம்பெனியின் ஓட்டைப் பாக்கி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெரு மாவு மில்லில் திரித்துக்கொடுக்கும் ரோசம்மா. என் சின்னவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம், பங்குனி மாசம், ஒரு சனிக்கிழமை. கரண்டு போய் மில் நின்றுவிட்டது. தூக்குவாளியோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். "சும்மா இருந்தா அடுத்த வீட்டுப் புறணிதான் பேசுவோம், அது பாவம். கதை சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தாள். கரண்டு வந்த பிறகும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னதுக்கு மேல் நான் எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் உப்பு மட்டும் போட்டிருக்கிறேன்.

கோணப்புளியூர் என்று ஓர் ஊர். அங்கே இருளப்பன் என்று ஒரு வடை மாஸ்டர். மனுஷன் தங்கம். அவன் கை பட்டால் உளுந்து மாவு பஞ்சாகும். புத்தியைத்தான், ஆண்டவன் எல்லாருக்கும் பங்கு வைத்த நேரத்தில், அடுப்பைப் பார்க்கிறேன் என்று போய் விட்டுவிட்டான்.

அவனுக்கென்று இருந்த சொத்து ஒரே ஒரு இரும்பு எண்ணெய்ச்சட்டி. மாமனார் சீராகக் கொடுத்தது. ஒரு பிள்ளையை உள்ளே உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிசு. கல்யாணத்தன்று மாமனார் சபையில் பெருமையாகச் சொன்னார்: "மாப்பிள்ளை, இந்தச் சட்டி எங்கே இருக்கோ, அங்கேதான் என் மகளும் இருப்பா."

இருளப்பனும் அவன் பெண்டாட்டி செண்பகவடிவும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். காலையில் சட்டி கடைக்குப் போனால் அவளும் பின்னாலேயே போவாள். சாயங்காலம் சட்டி வீட்டுக்கு வந்தால் அவளும் வருவாள். ஒருமுறை சட்டியின் காது ஒடிந்து கொல்லன் பட்டறையில் இரண்டு நாள் கிடந்தது. செண்பகவடிவும் இரண்டு நாள் பட்டறையிலேயே இருந்தாள். இருளப்பன் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

அவனோடு கூட்டாளிகள் மூன்று பேர். தாண்டவராயனுக்குக் குரல் பெரிசு, அதனால் அவன் தலைவன். அங்கப்பனுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியும், அதனால் கணக்கு அவன் பொறுப்பு. பதினொன்று வந்தால் செருப்பைக் கழற்றுவான். மொட்டையப்பனுக்கு வேலை, யார் என்ன சொன்னாலும் 'சரி' என்பது. அதுக்கும் ஓர் ஆள் வேண்டுமே!

எதிர்ச்சாரி மிட்டாய்க்கடையில் போர்டு மாட்டியிருப்பதைப் பார்த்து இவர்களும் ஒன்று மாட்டினார்கள்: 'கோணப்புளியூர் நால்வர் வடை கம்பெனி.' எட்டாம் நாள் வரி ஆபீசர் தணிகாசலம் வந்து நின்றார்.

"கம்பெனின்னு எழுதிட்டீங்க. கம்பெனிக்கு வரி உண்டு. தெரியுமில்ல?"

"எவ்வளவு சார்?" என்றான் தாண்டவராயன்.

"எல்லாச் செலவும் போக என்ன மிஞ்சுதோ, அதிலே பத்துக்கு மூணு."

"மிஞ்சினதிலேதானே சார்?"

"மிஞ்சினதிலேதான். மிஞ்சலைன்னா ஒண்ணும் கட்ட வேண்டாம்."

இவ்வளவு நியாயமான மனுஷர் உண்டா என்று நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் மிஞ்சியது பத்து வடை. மூன்றை வாழையிலையில் கட்டி, நூல் சுற்றி, இருளப்பன் வரி ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு ஓடினான். ஆபீசர் லீவில் போயிருந்தார். குமாஸ்தாக்கள் வாங்கிக்கொண்டு ரசீதும் எழுதிக் கொடுத்தார்கள்: 'வரவு, வடை மூன்று. ஆறியது.'

இப்படியே ஒரு மாசம். ஏழு வடை மிஞ்சுகிற நாளில்தான் அங்கப்பன் தவித்துப்போவான். இரண்டு முழு வடையும், மூன்றாவது வடையில் ஒரு விள்ளலும் என்று ஏதோ கணக்குப் போட்டுக் கட்டி அனுப்புவான். மிஞ்சாத நாளில் குமாஸ்தாக்கள் ஆளனுப்பி, "இன்னிக்கு வரி வரலையே, சட்னியாவது உண்டா?" என்று விசாரிப்பார்கள்.

லீவு முடிந்து வந்த ஆபீசர் கஜானாவைத் திறந்து பார்த்தார். பணம் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. தலையில் அடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். வந்த நேரம், அரசாங்கத்திலிருந்து இன்னொரு உத்தரவும் வந்திருந்தது.

"போனது போகட்டும். இதை நல்லாக் கேளுங்க. நாளையிலிருந்து மாநிலம் பூராப் பலகாரத்துக்கு எடை வரி. வடை எத்தனை கிராமோ, அதுக்குத் தக்கபடி வரி. அதுக்காக விலையைக் கூட்டக் கூடாது. வாங்குற ஜனங்க மேலே சுமத்தாம கம்பெனியே தாங்கிக்கணும். பணமாக் கட்டணும். கட்டலைன்னா, இதோ இந்தச் சட்டி ஜப்தி!"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செண்பகவடிவு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். புறப்படுகிறதற்குத் தயாராக.

"சட்டியை எங்கே சார் வைப்பீங்க?" என்று கேட்டான் இருளப்பன்.

"ஆபீஸ் பின்னறையிலே."

"அங்கே ஜன்னல் இருக்கா சார்?"

"சட்டிக்கு எதுக்கய்யா ஜன்னல்?"

"இவளுக்குக் காத்து இல்லேன்னா தலை வலிக்கும்."

ஆபீசர் செண்பகவடிவைப் பார்த்தார். இருளப்பனைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். யோசிக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று அடுப்பைக்கூட அணைத்துவிட்டார்கள்.

"எடைக்குத்தான் வரி," என்றான் தாண்டவராயன். "அப்ப வடையிலே எடை இல்லாத இடம் எது?"

அங்கப்பன் ஒரு வடையை எடுத்து நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தான். "ஓரத்துக்கு எடை இருக்கு. முதுகுக்கு எடை இருக்கு. மிளகுக்குக்கூட இருக்கு. நடுவிலே இருக்கிற ஓட்டைக்கு இருக்கிற மாதிரி தெரியலை."

"தெரியலைன்னு சொன்னா கவர்மெண்டு ஒத்துக்குமா? நிறுத்துப் பார்."

தராசுத் தட்டில் வடையை வைத்தார்கள். பிறகு, ஓட்டை தட்டிலேயே தங்கட்டும் என்று, வடையை மட்டும் மெதுவாக, அலுங்காமல் எடுத்தார்கள். முள் ஆடாமல் நின்றது.

"பார்த்தீங்களா! ஒரு குண்டுமணிகூட இல்லை," என்றான் அங்கப்பன். "அண்ணே, வடையிலேயே வரி போடாத ஒரே சரக்கு இதுதான். இதை நிறைய வித்தா நாம பிழைச்சோம்."

மொட்டையப்பன், "சரி," என்றான்.

மறுநாளிலிருந்து இருளப்பன் ஓட்டையைப் பெரிதாக்கினான். கட்டைவிரல் அளவு போய், எலுமிச்சம்பழம் நுழைகிற அளவு வந்தது. அடுத்த வாரம் அங்கப்பன் கணக்குப் பார்த்து, "இன்னும் வரி வருதே," என்றான். ஓட்டை கொய்யாப்பழ அளவாயிற்று. அதற்கடுத்த வாரம் டம்ளரை வைத்தே துளை போட்டான். சுற்றிலும் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு வடை, நடுவில் காற்று. நல்ல கைகாரன் என்பதால் ஒன்றுகூட உடையவில்லை.

தினமும் இரண்டு வடை வாங்குகிற விளக்குமாற்றுக்காரி வெள்ளத்தாயி அதைத் தூக்கிப் பிடித்து அதன் வழியாக இருளப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏப்பா இருளப்பா, உன் மூஞ்சி பூரா தெரியுதே. வடை எங்கேப்பா?"

"சுத்தி இருக்குக்கா. வரி ஏறிப்போச்சு, உங்க மேலே சுமத்தக் கூடாதாம். அதான் ஒரு பைசா விலை ஏத்தலை."

"நல்லா இருப்பே ராசா, விலை ஏத்தலை. இதைத் தின்கிறதா, மாட்டிக்கிறதா?" என்று சொல்லி அதைக் கையில் வளையலாகப் போட்டுக்கொண்டு நடந்தாள். எண்ணெய் முழங்கை வரைக்கும் வழிந்தது.

அவள் கேலிக்குச் செய்தாள். ஆனால் சந்தையில் பார்த்த நாலு பெண்கள், அட, வாசனையாக இருக்கிறதே என்று ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிப் போட்டார்கள். பசித்தால் கழற்றித் தின்னலாம், சௌகரியம்தானே? மூன்றாம் நாள் ஆபீசர் தணிகாசலம் மறுபடியும் வந்தார்.

"கையிலே போடுறதா இருந்தா அது பலகாரம் இல்லை, நகை. நகைக்கு மூணு பங்கு வரி. மேலிடத்திலே கேட்டுட்டேன்."

"சார், சார்! இது வடை சார்!" என்றான் இருளப்பன். "தின்னு பாருங்க!"

"தின்னா பலகாரம், ஒத்துக்கிறேன். கடிச்ச வடையை யாரும் நகைன்னு சொல்ல மாட்டாங்க. முழுசா இருக்கிறதுக்குத்தான் சந்தேகம்."

அவர் போன பிறகு மறுபடியும் அடுப்பை அணைத்துவிட்டு யோசனை. முடிவில் மொட்டையப்பனுக்குப் புது வேலை கிடைத்தது. சட்டியிலிருந்து இறங்குகிற வடை ஒவ்வொன்றையும் அவன் ஒரு கடி கடித்துக் கொடுக்க வேண்டும். கடித்துக்கொண்டே 'சரி' சொல்வது கஷ்டமாக இருந்தாலும், கம்பெனிக்காகப் பொறுத்துக்கொண்டான்.

வெள்ளத்தாயி வந்தாள். இலையைப் பிரித்தாள்.

"என் வடையை எவன்டா கடிச்சது?"

"கம்பெனி கடிச்சதுக்கா," என்றான் இருளப்பன் பணிவாக.

"கம்பெனிக்குப் பல்லு வேற முளைச்சிருக்கா!"

"இல்லேன்னா அது நகையாயிரும்க்கா. உங்களுக்குத்தானே நஷ்டம்?"

வெள்ளத்தாயி அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, வடையை மொட்டையப்பன் கையிலேயே கொடுத்து, "மீதியையும் நீயே தின்னு ராசா, தொடங்கினதை விடக்கூடாது," என்று சொல்லிவிட்டு எதிர்ச்சாரிக்குக் கடலைமிட்டாய் வாங்கப் போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். ஒரு வாரத்தில் கடை வெறிச்சோடிவிட்டது. மொட்டையப்பன் மட்டும் ஒரு சுற்றுப் பெருத்தான்.

இந்தக் கூத்து இந்த ஊரில் மட்டுமா நடந்திருக்கும்? பலகாரக்காரர்கள் எல்லாரும் மனுப் போட்டார்கள். அரசாங்கம் மனம் இரங்கி எடை வரியை எடுத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டோரா போட்டு, நோட்டீஸும் ஒட்டிப் போனார்கள். திங்கட்கிழமை ஆபீசர் சிரித்த முகமாக வந்தார்.

"எடை வரி போச்சு. ஆனா ஒண்ணு. வரியைச் சாக்குச் சொல்லி ஜனங்களுக்கு எதைக் குறைச்சீங்களோ, அதை அவங்களுக்கே திருப்பிச் சேர்த்துடணும். கம்பெனி அமுக்கிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை வருவேன். யாராவது ஒருத்தர் வந்து பாக்கி இருக்குன்னு சொன்னா, சட்டி ஜப்தி!"

வடையைப் பழையபடி பெரிசாகச் சுடச் சொன்னார், பாவம். அப்படித்தான் நீங்களும் நானும் எடுத்துக்கொள்வோம்.

இருளப்பன் அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, சட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். செண்பகவடிவு ஒரு துணியில் சீப்பு, சாந்துப்பொட்டு, மாற்றுப்புடவை எல்லாம் வைத்து மூட்டை கட்டினாள். "ஆபீசிலே நல்ல தண்ணி வருமாங்க?" என்றாள். அந்த ஒரு கேள்வியில் அவன் உடைந்துபோனான்.

"உன்னை அனுப்ப மாட்டேன் வடிவு. ஜனங்களுக்கு நான் எதைக் குறைச்சேன்? நடுவைத்தானே? நடுவைத் திருப்பிக் கொடுத்துடறேன்!"

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து நடுவாகச் சுட்டான். டம்ளர் அளவுக்கு வட்ட வட்டமாக. அங்கப்பன் செருப்பைக் கழற்றி, சட்டைப் பொத்தானையும் சேர்த்து எண்ணினான். கூடை கூடையாக எடுத்துக்கொண்டு நாலு பேரும் வீடு வீடாகப் போனார்கள்.

"அம்மா, போன மாசத்து ஓட்டை! வாங்கிக்குங்க! நாப்பது ஓட்டை இருக்கு, சரி பார்த்துக்குங்க!"

ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓசி வடையை வேண்டாம் என்று சொல்ல ஊரில் யாருக்கும் மனசில்லை. வாங்கிக்கொண்டார்கள். வெள்ளத்தாயி ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தாள். நடு வேகாதே என்று, பழக்க தோஷத்தில், இருளப்பன் அதன் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு துளை போட்டிருந்தான்.

"ஏப்பா, இது என்ன?"

"உங்க ஓட்டைக்கா."

"அது சரி. இதுக்கு நடுவிலே?"

"அது… ஓட்டை."

"ஓட்டையைத் திருப்பித் தரேன்னு சொல்லிட்டு, ஓட்டையிலே ஓட்டை போட்டு எடுத்துக்கிட்டியே, இது எந்த ஊரு நியாயம்?"

வெள்ளத்தாயி கண்ணில் குறும்பு தெரிந்தது. இருளப்பனுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை. வேர்த்துவிட்டது. "அண்ணே, பாக்கி இருக்கு!" என்று கத்திக்கொண்டே கடைக்கு ஓடினான்.

புதன்கிழமை, ஓட்டையின் ஓட்டைகளைச் சுட்டான். நெல்லிக்காய் அளவு. துளையில்லாமல் போட்டால் உள்ளே மாவாக நிற்கும். பச்சை மாவை ஜனங்களுக்குக் கொடுத்தால் பாவம். அதனால் சுண்டுவிரல் நுனியால் துளை. கொண்டுபோய்க் கொடுத்தால், "இதிலேயும் ஒண்ணு குறையுதே," என்றாள் வெள்ளத்தாயி. இப்போது தெருவே சேர்ந்துகொண்டது. "ஆமா, எங்களுக்கும் குறையுது!"

வியாழக்கிழமை, சுண்டைக்காய் அளவு. துளைக்க வெள்ளத்தாயியிடமே ஓர் ஈர்க்கு வாங்கினான். அவளும் நல்ல ஈர்க்காகப் பார்த்து உருவிக் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் மிளகு அளவு. செண்பகவடிவு மூட்டையைப் பிரித்து, உள்ளேயிருந்து தையல் ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் வரும்போது கடை முன்னால் ஊரே நின்றது. இருளப்பன் இடது கண்ணை மூடிக்கொண்டு, எள் அளவு மாவை விரல் நுனியில் வைத்து, ஊசியால் தொட்டுக்கொண்டிருந்தான். கூட்டாளிகள் மூன்று பேரும் மூச்சுக் காற்றில் அது பறந்துவிடக் கூடாது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னய்யா இது?"

"ஓட்டையோட ஓட்டையோட ஓட்டையோட ஓட்டையோட ஓட்டை சார்," என்றான் அங்கப்பன் மூக்கைப் பிடித்தபடியே. "விரல் கணக்குக்குள்ளேதான் இருக்கு."

ஆபீசர் முழுக்கதையையும் கேட்டார். கேட்டுவிட்டு, அப்படியே உரல்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பாக்கி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையிலே சொல்லுங்க," என்றார்.

பொய் சொல்லத் தெரிந்தால் இருளப்பன் அப்போதே தப்பித்திருப்பான். "இருக்கு சார்," என்றான். கண் கலங்கிவிட்டது. செண்பகவடிவு, சுடாமல் இருக்க முந்தானையைச் சுற்றிக்கொண்டு, சட்டியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் வெள்ளத்தாயிக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. விளையாட்டு எங்கே கொண்டுவந்து விட்டுவிட்டது! கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "சார், ஞாயித்துக்கிழமை ஒட்டினீங்களே, அந்த நோட்டீஸைக் காட்டுங்க. கீழே எறும்பு ஊர்ற மாதிரி பொடிசா என்னவோ இருக்கே, அதையும் வாசிங்க."

ஆபீசர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். "திருப்பிக் கொடுக்கும் பணி நடந்துகொண்டிருக்கும் வரை… தொழில் சாமான்களைக் கைப்பற்றலாகாது."

"நடந்துக்கிட்டுத்தானே இருக்கு?"

"நடந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"எப்ப முடியும் இருளப்பா?"

இருளப்பன் ஊசி முனையைப் பார்த்தான். "இது முடிஞ்சா, இதுக்கு நடுவிலே ஒண்ணு இருக்கும்க்கா."

"ஆக, முடியாது!" என்றாள் வெள்ளத்தாயி. ஊரே கைதட்டியது. செண்பகவடிவு சட்டியை விட்டுவிட்டு மூட்டையை உதறினாள். சீப்பு மூன்று கஜம் தள்ளிப் போய் விழுந்தது. தாண்டவராயன் பெரிய குரலில், "பணி நடக்கட்டும்!" என்று முழங்கினான். மொட்டையப்பன், "சரி," என்றான்.

அந்தச் சத்தத்தில் இருளப்பனின் கை அசைந்தது. எள்ளளவு வடை விரலிலிருந்து நழுவி, நாலு படி எண்ணெய் கொதிக்கிற அந்தப் பெரிய சட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ, பணி உள்ளே விழுந்துடுச்சே! நின்னு போனா ஜப்தியாச்சே!"

அடுப்பை அணைத்து, எண்ணெய் ஆறியதும், நாலு பேரும் சட்டியைச் சுற்றிக் கவிழ்ந்து ஜல்லிக்கரண்டியால் துழாவினார்கள். ஆபீசரும் தாங்க முடியாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மத்தியானம் போய் வெயிலும் சாய்ந்தது.

கடைசியில் இருளப்பன் கரண்டியைத் தூக்கினான். "கிடைச்சிருச்சு! கிடைச்சிருச்சு!"

கரண்டியில் ஒன்றுமே இல்லை. அங்கப்பன் மட்டும் கிட்டே போய், குனிந்து, நிதானமாகப் பார்த்தான்.

"அவசரப்படாதே இருளப்பா. வந்திருக்கிறது ஓட்டை மட்டும்தான். வடை இன்னும் உள்ளேதான் கிடக்கு."

வரி ஆபீசர் தணிகாசலம் சடக்கென்று தன் கைக்குட்டையை எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். "பார்த்து, பார்த்து! அதைக் கீழே போட்டுடாதீங்கய்யா. மெதுவா இதிலே வைங்க. நான் பிடிச்சிருக்கேன், நீங்க வடையைத் தேடுங்க!"

அவ்வளவுதான் கதை. நல்லா இருங்க எல்லாரும். விளக்கேற்றப் போகிறேன், எழுந்து அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்திவிடுங்கள்.